கொட்டியதும் கட்டியதும்

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் சம்பளம் வாங்கினாள். உள்ளே துப்பும் சத்தம், கிராம்புத் தைல வாடை, காத்திருப்பவர்கள் நாற்காலிக் கையில் ஒட்டிவிட்டுப் போகும் பஞ்சு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் டாக்டர் யாருடைய வாயிலிருந்தோ எடுத்த விரலோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து, அவள் பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். அன்றைக்கு மத்தியானமே வேலையை விட்டாள்.

"உனக்கு ஆண்டவன் மத்ததெல்லாம் அளவா வச்சான். மூக்கை மட்டும் கைதவறிப் பெருசா வச்சுட்டான்" என்றான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். உடம்பெல்லாம் கிரீஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பின்பக்கக் குழாயில் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிய பிறகுதான் அவனுக்கு உள்ளே வர அனுமதி. கல்யாணமான புதிதில் இதற்குக் கோபித்துக்கொண்டான். பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் லிஃப்ட் கம்பெனியிலேயே கழுவிவிட்டு வந்து, குழாயடியில் சும்மா நின்று தண்ணீரைத் திறந்துவிட்டு ஏமாற்றப் பார்க்கிறான்.

ஸ்டெனோகிராஃபி பள்ளியின் விளம்பரத்தைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது அவளுக்குப் பிடித்துப்போனது ஒரே ஒரு காரணத்துக்காக. கோர்ட்டில், விசாரணை அறையில், ஓரமாக ஒரு நாற்காலி. யாரையும் தொட வேண்டாம். யாரும் நம்மைத் தொட மாட்டார்கள். காதில் விழுவதை விரலால் அடித்துக்கொண்டே போனால் போதும்.

"வார்த்தைக்கு என்னங்க வாடை?" என்று புருஷனிடம் கேட்டுவிட்டு அவள் பள்ளியில் சேர்ந்தாள்.

பள்ளி ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை. படியேறும்போதே புது ரப்பர் வாடை தொண்டையில் படியும். வகுப்பில் ஆளுக்கொரு ஸ்டெனோ மிஷின். டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக்கு ஒரு கட்டை கிடையாது, கட்டைகள் கொஞ்சம்தான். இரண்டு கை விரலையும் பியானோவில் வைப்பதுபோல ஒன்றாக வைத்து அழுத்தினால் ஒரு ஓசை விழும். உயிரெழுத்தெல்லாம் கட்டைவிரல் பாடு. அந்தக் கட்டைகளில் முந்தைய வகுப்புக்காரர்களின் வியர்வை கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. அவள் கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் 'ஸ்பிரிட் அக்கா'.

ஆசிரியைக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவள் ஸ்பிரிட் அக்காவைவிட வயதில் சின்னவள்; கைக்குழந்தைக்காரி; எப்போதும் தூக்கக் கண். பாடம் நடத்துவதைவிட, அடித்ததைத் திருப்பி வாசிக்கச் சொல்வதுதான் அதிகம். "வாசிம்மா, வாசிப்பா" என்று ஓயாமல் சொல்வதால் 'வாசிம்மா டீச்சர்' ஆனாள். வாசிக்க வேண்டியது நல்ல எழுத்தை அல்ல. மிஷினின் பின்பக்கத்திலிருந்து நாடாபோல ஒரு காகிதம் வரும். அதில் விரல் பட்ட கட்டைகள் மட்டும் சிதறி விழுந்திருக்கும். கோழி கிளறிய மாதிரி ஒரு வரி. அதைப் பார்த்து "மாண்புமிகு உறுப்பினர் கேட்ட கேள்விக்கு" என்று சரளமாகச் சொல்ல வேண்டும்.

"நிமிஷத்துக்கு நூறு வார்த்தை வேகம் வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க. உங்க விரல் என்ன சொல்லுதுன்னு முதல்ல உங்களுக்குத் தெரியணும்" என்பது டீச்சரின் கட்சி.

பள்ளிக்குச் சொந்தக்காரரை எல்லோரும் டைரக்டர் என்பார்கள். அவர் கட்சி நேர் எதிர். சேர்ந்த முதல் நாளே லேப்டாப், முதல் நாளே சாஃப்ட்வேர். விரல் அழுத்தியதைக் கம்ப்யூட்டர் தன் அகராதியில் தேடி, திரையில் அழகான முழு வார்த்தையாகக் காட்டிவிடும்.

"திரையில வார்த்தை வந்தாத்தாம்மா பசங்க ஒட்டுவாங்க. கோழிக் கிறுக்கலைக் காட்டினா மூணாவது வாரம் பாதி கிளாஸ் காலி" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. டீச்சரின் போன வகுப்பில் பாதிப்பேர் ஓடித்தான் போயிருந்தார்கள். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் வாயில் எப்போதும் ஏதாவது வறுத்த பண்டம் அரைபட்டுக்கொண்டிருக்கும். "இதோ பாரு, வந்துருச்சு பாரு" என்று எண்ணெய் விரலால் மாணவர்களின் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். ஒவ்வொரு வார்த்தைமேலும் ஒரு ரேகை. அவர் நகர்ந்ததும் ஸ்பிரிட் அக்கா பஞ்சை எடுப்பாள்.

கடைசியில் இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு ஏற்பாடு வந்தது. சாஃப்ட்வேர் எல்லோருக்கும் உண்டு. காகிதம் வாசிக்கும் வகுப்பு விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்.

அவள் விருப்பப்படவில்லை. அந்த வகுப்பின் பழைய மிஷின்களில் மை நாடா இருந்தது. தொட்டால் விரலில் நீலம் ஒட்டும். நகக்கண்ணில் இறங்கினால் மூன்று நாள் போகாது. முதல் நாள் அந்த மையோடு வீட்டுக்குப் போய்த் தட்டில் கை வைக்கும்போது அவளுக்குக் குமட்டியது. திரையோ துடைத்து வைத்த கண்ணாடி. அதில் மை இல்லை, கிறுக்கல் இல்லை. அடித்த மறுநொடி வார்த்தை பளிச்சென்று நிற்கிறது. இதை விட்டுவிட்டு யார் போய் நாடாவைத் தொடுவார்கள்?

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. எப்போதோ பஸ் கதவில் நசுங்கிய இடது கட்டைவிரல். அது ஒரு கட்டைமேல் மட்டும் நிற்காமல் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். 'க' என்று அடிக்க நினைத்தால் 'கொ' விழும். பயிற்சிக்குக் கொடுத்த பத்திகளோ எல்லாம் பாலம் கட்டினார், பள்ளி கட்டினார், நகராட்சி கட்டியது என்று ஒரே கட்டுமானம். அவள் திரையில் எல்லோரும் பாலம் கொட்டினார்கள், பள்ளி கொட்டினார்கள். வகுப்பு முழுக்க எட்டிப் பார்த்துச் சிரித்தது.

சாஃப்ட்வேர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நாலைந்து தடவை 'கொட்டினார்' என்பதை அழித்துக் 'கட்டினார்' என்று திருத்தியதைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் பணிவாகக் கேட்டது: 'கொட் என்ற அடிப்பு வந்தால் இனிமேல் கட் என்றே காட்டட்டுமா?'

அவ்வளவு மரியாதையாக அவளிடம் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. 'ஆம்' என்று அழுத்தினாள். திரை சுத்தமாகிவிட்டது.

டீச்சர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, விரலைத் திருத்துங்க. அகராதியைத் திருத்தாதீங்க."

"விரல் தானா சரியாயிடும் டீச்சர். அதுவரைக்கும்தான்."

"சரியான பிறகு இது போகாது. உள்ளேயே கிடக்கும்."

"கிடக்கட்டுமே. வெளியே தெரியாதுல்ல?"

தன் வாயிலிருந்துதான் அது வந்தது. சுவர் மூலையில் தூசி கிடந்தால் தூங்க மாட்டாதவள் சொன்ன வார்த்தை. அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு சின்னப் பெட்டி கேட்கும்போதெல்லாம் ஆம், ஆம், ஆம். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சட்டம். வேகம் கூடிக்கொண்டே போனது. மாதங்கள் போகப் போக வகுப்பில் அவள்தான் முதல். விரலும் அவள் சொன்னபடி தானாகவே சரியாகிவிட்டது. 'க' வேண்டுமென்றால் 'க'வே விழுந்தது. அதனால் பழைய சட்டங்களைப் பற்றி அவள் மறந்தே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த விசாரணை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு தொழிலாளர் விடுதி. அங்கே சமைத்த மத்தியானச் சாப்பாடு டப்பாக்களில் கட்டித் தொழிற்சாலைக்குப் போகும். ஒரு நாள் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். ஒருவர் பிழைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரணை அதிகாரியாகப் போட்டார்கள். சுருக்கெழுத்து ஆளை அனுப்பும் பொறுப்பு டைரக்டருக்கு வந்தது. அவர் தன் முதல் மாணவியை அனுப்பினார்.

அறை சின்னது. ஜன்னல் திறக்காது. பேச்சைப் பதிவு செய்யும் கருவி எதுவும் அங்கே இல்லை; அவள் விரல்தான் எல்லாம். முதல் நாளே வார்த்தைக்கு வாடை உண்டு என்று அவளுக்குத் தெரிந்துபோனது. சுகாதார ஆய்வாளர் நிதானமாக, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: குளிர்பெட்டி வேலை செய்யவில்லை, இறைச்சிமேல் பச்சையாக வழுவழுப்பு, மாவுப் பீப்பாயில் எலிக் குட்டிகள், கண் திறக்காதவை, கழிவுக் குழாய் உடைந்து சமையலறைத் தரையில் ஓடிய தண்ணீர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். வெட்டி ஒட்டியதுபோல ஒவ்வொரு சொல்லும் திரையில் வந்து நின்றது. வாந்தி வராமல் இருக்கத் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்; சொல்பவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சமையல் உதவியாளர் வந்தார். ஒல்லி ஆள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். கேள்விக்கெல்லாம் முதலில் எச்சில் விழுங்கிவிட்டுத்தான் பதில்.

அதிகாரி கேட்டார்: "கெட்டுப் போன இறைச்சி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்கய்யா. காலையிலேயே வாடை வந்துச்சு."

"பிறகு என்ன செஞ்சீங்க?"

"நான்தாங்கய்யா கொட்டுனேன். அந்தப் பெரிய பாத்திரத்துல இருந்த அவ்வளவையும் நானே கொட்டுனேன். அடுத்த பாத்திரமும் அப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

அவள் காது சரியாகக் கேட்டது. விரலும் சரியாக அடித்தது. கட்டைவிரல் இரண்டு கட்டையையும் ஒழுங்காக அழுத்தியது. 'கொ' என்றே விழுந்தது. உள்ளே கிடந்த சட்டம் எழுந்து தன் வேலையைச் செய்தது. திரையில் வந்தது: 'நான்தாங்கய்யா கட்டுனேன். அந்தப் பெரிய பாத்திரத்துல இருந்த அவ்வளவையும் நானே கட்டுனேன்.'

அவள் காதை நம்பவில்லை, கண்ணை நம்பினாள். கெட்டது என்று தெரிந்தும் டப்பாவில் கட்டி அனுப்பினானா? சீ, இவனும் ஒரு மனுஷனா! சாட்சி சொல்லி முடித்து அவர் அவள் பக்கமாகக் கடந்துபோனபோது, அவர் சட்டை தன்மேல் பட்டுவிடுமோ என்று நாற்காலியைச் சத்தத்தோடு பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் சரிபார்க்க உட்கார்ந்தபோதும் அந்தப் பக்கங்களை அவளால் நிறுத்திப் படிக்க முடியவில்லை. எலி, வழுவழுப்பு, வாடை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தள்ளிவிட்டாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அச்சடித்த புத்தகம் மாதிரி இருந்தது. நகல்கள் எல்லாத் தரப்புக்கும் போயின.

பிறகு நடந்தது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. விடுதிக்காரர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். 'குற்றவாளியே ஒப்புக்கொண்டுவிட்டான்' என்று சமையல் உதவியாளரை வேலையை விட்டு நிறுத்தினார். செய்தி தெருவுக்கு இறங்கியது. செத்துப்போனவரின் தம்பி, சந்தையில் எல்லோரும் பார்க்க அவர் முகத்தில் துப்பினான். அவர் பெண்டாட்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த அமர்வில், கூப்பிடாமலே அவர் உள்ளே வந்தார். காவலாளி தடுத்தும் நிற்கவில்லை. கையில் கசங்கிய நகல்.

"ஐயா, நான் இப்படிச் சொல்லலைங்க. கொட்டுனேன்னுதான் சொன்னேன். கொட்டுனதுக்கா என்மேல துப்புறாங்க?"

அறையில் சலசலப்பு. விடுதிக்காரரின் வக்கீல் எழுந்து, "சொன்னதை மாத்துறது புதுசா?" என்று சிரித்தார். அதிகாரி கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார். அவள் பக்கம் திரும்பினார்.

"இதுல சண்டை எதுக்கு? மூலக் குறிப்பு இருக்குமே. அதைப் பார்த்து வாசிங்கம்மா."

அவளுடைய மிஷினுக்குள் மூலக் குறிப்பு இருந்தது. திரையின் இன்னொரு பக்கத்தைத் திறந்தால் வரும். திறந்தாள். கோழிக் கிறுக்கல். அவள் விரலிலிருந்து விழுந்ததுதான்; ஆனால் யாரோ எவரோ எழுதியதுபோல அவளை முறைத்தது. எந்த வரி எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள்.

டைரக்டர் அன்றைக்கு வந்திருந்தார். சட்டென்று எழுந்து, "ஐயா, மிஷின்ல சின்னக் கோளாறு, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கும்மா பதறுறீங்க? சாட்சி வாய்க்குள்ளேயே பேசினார், காதுல அப்படித்தான் விழுந்துச்சுன்னு சொல்லுங்க. முடிஞ்சுது. சமையல்காரன் பேச்சை யாரு நம்பப் போறாங்க?"

"அவர் வாய்க்குள்ள பேசலை சார்."

"பேசினார்னு சொல்லுங்கன்னுதான் சொல்றேன்." அவர் அவள் தோளில் தட்டினார். கை ஈரமாக இருந்தது. பேசும்போது வாயோரத்தில் ஒரு கடலைத் தோல் அசைந்தது. "உங்களை நம்பிப் பள்ளிக்கூடமே இருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

அவள் கழிவறைக்குள் ஓடி, காலையில் சாப்பிட்டது மொத்தத்தையும் வெளியே தள்ளினாள். வாயைக் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. எத்தனையோ பேரைப் பார்த்துச் சுளித்த முகம். அன்றைக்கு அது தன்னையே பார்த்துச் சுளித்தது.

உள்ளே போய், உட்காராமல் நின்றாள்.

"ஐயா, எனக்கு இதை வாசிக்கத் தெரியாது."

அதிகாரிக்குப் புரியவில்லை. "நீங்க அடிச்சதுதானே?"

"நான் அடிச்சதுதாங்கய்யா. திரையில வர்றதைத்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். இதை வாசிக்க நான் கத்துக்கலை. எங்க டீச்சருக்குத் தெரியும். அவங்களைக் கூப்பிடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தாள். குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, கடைசியில் காவலாளியிடம் கொடுத்தாள். திரைக்கு முன்னால் குனிந்து, பேப்பர் படிப்பதுபோல விறுவிறுவென்று வாசித்தாள். "நான்தாங்கய்யா கொட்டுனேன். அந்தப் பெரிய பாத்திரத்துல இருந்த அவ்வளவையும் நானே கொட்டுனேன்." பிறகு மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரொம்ப சுத்தமா அடிச்சிருக்கீங்க அக்கா" என்றாள். அந்தப் பாராட்டைப்போல ஒரு அறை அவள் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

அதிகாரி பதிவைத் திருத்தச் சொன்னார். விடுதிக்காரரின் வக்கீல் தன் காகிதங்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். வெளியே வராந்தாவில் அவள் சமையல் உதவியாளரிடம் போய்க் கையைக் கூப்பினாள். "மன்னிச்சிருங்க. தப்பு என்னுது."

அவர் அவளை நேராகப் பார்த்தார். "எழுத்து தப்பாப் போறது இருக்கட்டும்மா. நான் பக்கத்துல வந்தப்ப நாற்காலியை இழுத்துக்கிட்டீங்களே. அதைப் பார்த்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். மறுவாரம் புருஷனைக் கூட்டிக்கொண்டு அவள் அவர் வீட்டுக்குப் போனாள். கதவை முழுக்கத் திறக்காமலே அவர் பெண்டாட்டி பேசினாள்: அவர் வெளியூருக்கு வேலை தேடிப் போயிருக்கிறார், இனிச் சமையலறைப் பக்கமே போக மாட்டாராம். "உக்காருங்க" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அந்தப் பெண்ணுக்கு இல்லை.

டைரக்டர் அவளைப் பள்ளியிலிருந்து நீக்கவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தார். 'மூலக் குறிப்பையும் நொடியில் வாசிக்கும் ஆசிரியர்கள் எங்களிடம் மட்டுமே' என்று புது விளம்பரம் அடித்தார். டீச்சர் அதைப் பார்த்த அன்றே வேலையை விட்டுவிட்டாள்.

அவள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். குழந்தைத் துணிகள் காயும் கூடத்தில் இருவரும் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அகராதியில் அவள் சேர்த்திருந்த சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். குளியலறைச் சாக்கடை மூடியைத் திறந்து கையை விட்டு முடிக்கற்றையை இழுப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. 'வெந்தான்' விழுந்தால் 'வந்தான்' என்று காட்டச் சொன்ன சட்டம். 'மறந்தார்' விழுந்தால் 'மறுத்தார்' என்று காட்டச் சொன்ன சட்டம். எல்லாம் பளபளவென்று மூடிவைத்த அழுக்கு. ஒவ்வொன்றின் எதிரேயும் அவளே 'ஆம்' சொல்லியிருந்தாள்.

"போதும் டீச்சர். மொத்தமா அழிச்சிடுங்க."

"அவசரப்படாதீங்க. நல்லதும் இருக்குல்ல?"

"எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கே தெரியலையே. அழிங்க."

டீச்சர் அழுத்தவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். அவளே அழுத்தினாள்.

முதல் பாடத்திலிருந்து தொடங்கினாள். மை நாடா போட்ட பழைய மிஷினை டீச்சரிடமே இரவல் வாங்கினாள். வீட்டில் புருஷன்தான் சொல்ல ஆள். அவனிடம் படிக்க வேறு ஒன்றும் இல்லாததால் லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "கதவு திறக்கும்போது கம்பி வடத்தைத் தொடாதீர்" என்று மேடைப் பேச்சுபோல முழங்கினான். அவள் அடித்தாள். பிறகு காகித நாடாவை விரலால் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கி வாசித்தாள்.

"கம்பி... வடையை... தொடாதீர்."

"வடைன்னா நான் தொடத்தான் செய்வேன்" என்றான் அவன்.

நகக்கண்ணில் நீலம் ஏறியது. அருவருப்பாகத்தான் இருந்தது. அந்த அருவருப்பு போகவே இல்லை, அதோடுதான் வாசித்தாள். மெல்ல மெல்லக் கிறுக்கலுக்குள் தன் விரல் தெரிய ஆரம்பித்தது. எந்த விரல் சோம்பேறி, எது அவசரக்காரன், களைத்தால் எது முதலில் கோணும் என்று எல்லாம் தெரிந்தது.

டீச்சரோடு சண்டையும் அப்போதுதான் ஆரம்பித்தது. அவளுக்கு நேற்றைய பக்கங்களைத் தடங்கலில்லாமல் வாசிக்க வந்ததும், "இப்ப சாஃப்ட்வேரைத் திறக்கலாமா?" என்று கேட்டாள்.

"நூறு வரட்டும்."

"நூறு வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிரும். உங்க பழைய பசங்க என்ன ஆனாங்கன்னு நீங்களே சொன்னீங்களே? ஒருத்தன் குறிப்பைத் தண்ணி மாதிரி வாசிச்சான். வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டருக்கு அவன் அடிப்புல ஒண்ணுகூடப் பழக்கமில்லை. ஒவ்வொரு வார்த்தையா சேர்த்துச் சேர்த்து வெறுத்துப்போய் விட்டுட்டான். அது மட்டும் நல்லாயிருக்கா?"

டீச்சர் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள். "அது என் தப்புதான்" என்றாள். "ஆனா அடிக்கும்போது திரையைப் பார்க்கக் கூடாது. முதல்ல குறிப்பை வாயால வாசிச்சிட்டு, அப்புறம்தான் திரை."

"சரி. அந்தச் சின்னப் பெட்டி கேட்டா?"

"இல்லைன்னு சொல்லுங்க."

லேப்டாப்பைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து அடிக்கப் பழகினாள். சுருக்கெழுத்துத் தேர்வில் முதல் முறை தோற்றாள். இரண்டாவது முறை தேறினாள். தொழிலாளர் நல மன்றத்தில் வேலை கிடைத்தது. ஜன்னல் திறக்கும் அறை. அதற்கே அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். விடுதிக்காரரை அபராதத்தோடு விட்டுவிட்டார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டாள். விடுதி வேறு பெயரில் திரும்பத் திறந்தும் விட்டதாம்.

சுருக்கெழுத்தாளர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டது. மாணவர்கள் எப்போது சாஃப்ட்வேரைத் தொடலாம் என்று பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு விதி வகுக்க வேண்டுமாம். கூட்டத்தின் பேச்சைப் பதிவு செய்ய அவளையே உட்கார வைத்தார்கள். டீச்சர் எழுந்து, வாசிக்கத் தெரியாத கைக்கு சாஃப்ட்வேர் கொடுப்பது குருடனுக்கு வண்டி கொடுப்பது என்றாள். டைரக்டர் எழுந்தார். காலம் மாறிவிட்டது, மாணவன்தான் தெய்வம், முதல் நாளே திரை என்று பேசினார். கைதட்டலும் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, பக்கத்தில் இருந்தவரிடம், "வாசிக்கத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? வேலைக்குப் போற வரைக்கும்தானே நம்ம பொறுப்பு" என்று சிரித்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது தெளிவாகவே கேட்டது. அவள் விரல் நிற்கவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கி வந்து, பல்லெல்லாம் தெரியக் குனிந்தார்.

"அது சும்மா தமாஷுக்கும்மா. அதை விட்டுடுங்க."

"அடிச்சாச்சு சார்."

"அழிச்சிடுங்க."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாற்காலியிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தலைவர் மேடையிலிருந்து, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டார்.

"கடைசியா சொன்னது சரியாப் பதிவாகியிருக்கான்னு சார் கேட்கிறார்" என்றாள். குறிப்பைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

யாரோ இருமினார்கள். யாரோ டீ வந்துவிட்டது என்றார்கள். விதி எதுவும் வகுக்கப்படவில்லை. ஆராய்வதற்கு ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் டைரக்டரும் இருந்தார். "சீ" என்றாள் அவள், சத்தமாகவே.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளும் டீச்சரும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள்.

"எண்பதுன்னு வச்சுக்கலாம்" என்றாள் டீச்சர், இறங்கி வந்து.

"எண்ணிக்கையே வேண்டாம்னு சொல்றேன். நேத்து அடிச்சதை இன்னைக்கு வாசிக்க முடிஞ்சா, இன்னைக்கே தொடலாம்."

"அப்போ ஏமாத்துறவங்க?"

"ஏமாத்துறவங்க நூறுலயும் ஏமாத்துவாங்க டீச்சர்."

பஸ் வந்தது. நெரிசல். கம்பியெல்லாம் யார் யாருடைய கை ஈரமோ. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து ஏறினாள்.